பாசிட்ரானை வெளியே தள்ளுவதா, எலக்ட்ரானை உள்ளே இழுப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷனுக்கு வரும் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) பிள்ளைகள், கரு ஒரு பாசிட்ரானை, அதாவது நேர்மின் கொண்ட எலக்ட்ரானை, வெளியே தள்ளும் பீட்டா பிளஸ் சிதைவையும், அணுவின் எலக்ட்ரான் ஒன்றைக் கரு உள்ளே இழுக்கும் எலக்ட்ரான் பிடிப்பையும் குழப்பிக்கொள்வது நியாயம்தான், ஏனென்றால் இரண்டிலுமே ஒரு புரோட்டான் நியூட்ரானாகிறது, அணு எண் ஒன்று குறைகிறது, நிறை எண் மாறுவதில்லை, மின்னூட்டமில்லாத நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒன்று கிளம்பிப் போகிறது.

வித்தியாசம் ஆற்றல் செலவில் இருக்கிறது. பீட்டா பிளஸில் கரு ஒரு பாசிட்ரானைப் புதிதாக உண்டாக்கவேண்டும், அதற்குச் சிதையும் தாய் அணுவுக்கும் அதிலிருந்து உண்டாகும் சேய் அணுவுக்கும் குறைந்தது 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேறுபாடு வேண்டும். அது இல்லையா, அந்த வழி அடைப்பு. பெரிலியம் 7-க்கு இருப்பதோ சுமார் 0.86தான், அதனால் அது உள்கூட்டு எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும் வழியில் மட்டும் போகிறது. காலியான இடத்தில் மேல்கூட்டு எலக்ட்ரான் விழ, எக்ஸ் கதிரோ இன்னொரு எலக்ட்ரானோ வெளிப்படும்.

பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்தால் இரண்டும் அழிந்து, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர்கள் இரண்டு எதிரெதிரே பாயும். மருத்துவமனையில் உடலுக்குள் பார்க்க எடுக்கும் பெட் ஸ்கேன் பிடிப்பது இதைத்தான். அங்கே பயன்படும் ஃபுளோரின் 18-இல் நூற்றுக்கு 97 சிதைவு பீட்டா பிளஸ்.

புத்தகங்கள் எலக்ட்ரான் பிடிப்பை ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தையே எடுங்கள். அதில் துளியளவு இருக்கும் பொட்டாசியம் 40-இல் நூற்றுக்குச் சுமார் 11 எலக்ட்ரான் பிடிப்பால் ஆர்கானாகிறது, பாசிட்ரானோ ஏறக்குறைய லட்சத்தில் ஒன்று, மீதியெல்லாம் நியூட்ரான் புரோட்டானாகி எலக்ட்ரானை வெளியே தள்ளும் பீட்டா மைனஸ்.