ஈஸ்ட்டுக்கு இரை: கொட்டுவதா, அளப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஆப்பக் கடை போடும் அக்கா, வெதுவெதுப்பான சீனித் தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்து மூடி வைப்பார். கொஞ்ச நேரத்தில் டம்ளர் விளிம்புவரை நுரை ஏறி நிற்கும். ஆனால் அந்த ஈஸ்ட் தொழிற்சாலையில் வளர்ந்த விதமே வேறு. அங்கே சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைச் சிறுகச் சிறுகத்தான் ஊட்டுவார்கள்.

சீனியைக் கொட்டினால், காற்று தாராளமாக இருந்தாலும் ஈஸ்ட் ஆல்கஹால் உண்டாக்கத் தொடங்கிவிடும். இதற்குக் கிராப்ட்ரீ விளைவு என்று பெயர். சத்து நிறைந்த ஊடகத்தில் ஒரு செல் இரண்டாக ஏறக்குறைய 90 நிமிடம் போதும். வேகம் சரி, சீனியில் பெரும்பங்கு ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் போய்விடுகிறதே! ஆப்பத்துக்கு அந்த வாயுதான் தேவை. ஈஸ்ட் விற்பவனுக்கு அது நட்டம்.

அளந்து கொடுத்தால் கதை மாறுகிறது. கிடைத்த சீனியை ஈஸ்ட் ஆல்கஹாலாக்காமல், ஒரு பங்கைச் சுவாசித்து எரித்து மீதியில் செல் கட்டுகிறது. ஒரு கிராம் குளுக்கோஸுக்கு உலர் எடையில் அரை கிராம் அளவுக்குச் செல்கள் கிடைக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் பல செல்களில், புதுச் செல்லாகப் பிரியும் மொட்டே இருக்காது. டிரெஹலோஸ், கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சத்துகளைச் சேர்த்துக்கொண்டு காத்திருக்கும். சூட்டையும் உலர்த்தலையும் தாங்குவது இந்தச் சிக்கனக்காரர்கள்தான்.

ஆய்வகத்தில் இப்படி அளந்து ஊட்டக் கீமோஸ்டாட் இருக்கிறது: ஒரு பக்கம் இரை சொட்டும், மறுபக்கம் அதே அளவு திரவம் செல்களோடு வழிந்தோடும் கலன். 1950இல் மோனோ என்ற விஞ்ஞானி தனியாகவும், நோவிக், சிலார்டு என்ற இருவர் சேர்ந்தும் முன்வைத்தது. இரை சொட்டும் வேகமே வளர்ச்சி வேகம். வழிந்தோடும் செல்களைத் தடுத்து உள்ளேயே நிறுத்தினால் அது ரெட்டென்டோஸ்டாட். அங்கே வளர்ச்சி பூஜ்யத்தை நெருங்கும், வருகிற சீனி உயிரைப் பிடித்து வைக்கவே சரியாகிவிடும்.

சீனி தீர்ந்த குடுவையை வைத்தே மந்த வளர்ச்சியை அறியலாம் என்பவர்களும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பாதிக் கூலிக்குத் தோட்டத்தில் வேலை பார்ப்பவரும் வேலையே போனவரும் ஒன்றா? பட்டினி கிடக்கும் செல் தன் உறுப்புகளையே தின்னத் தொடங்கும். பட்டினி போட்ட ஈஸ்ட்டில் அதை நுணுகிப் பார்த்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது. மந்த வளர்ச்சியைப் படிக்க வேண்டுமென்றால் என் ஓட்டு சொட்டு முறைக்கே.

வீட்டில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு இரவு முழுக்க மாவைப் புளிக்க விடுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே குறைச்சல் ஈஸ்ட்டில்தான், இரையில் இல்லை. ஆப்பம் என்னவோ நன்றாகவே வரும்.