செட்டிநாட்டு வளவுக்குள் பழைய ஜாஸ் கிட்டார் ஒலி: ப்ரீஆம்ப் பெடலின் நீண்ட காலப் பயன்பாடு

ஜாஸ் ஒலி வேண்டும் என்றால் கிட்டாரின் டோன் குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பழைய ஒலி அப்படி இல்லவே இல்லை. 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியனின் பதிவுகளைக் கவனித்துக் கேளுங்கள். கிளாரினெட்டுக்கும் வைப்ரஃபோனுக்கும் நடுவே கிட்டார் தனியாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்குகிறது என்பது துல்லியமாகக் காதில் விழும். மங்கலான ஒலியை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் இடம் பிடிக்க முடியாது.

அவர் வாசித்தது 1936-ல் வந்த கிப்சன் இஎஸ்-150. ஆம்ப், அதே நிறுவனத்தின் இஎச்-150. அந்தக் காலத்து ஆம்ப், உச்ச அலைவரிசையை அதிகம் காட்டாது. அடியிலும் ஆழமாகப் போகாது. நடுப்பகுதியில்தான் உடம்பு இருக்கும். கொஞ்சம் அழுத்தி மீட்டினால், ஆம்புக்குள் ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாயான டியூப், ஒலியை மெல்ல அமுக்கிப் பிடிக்கும், அதிலேயே லேசான தடிப்பும் சேரும். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்து ஒலியைப் பெருக்கித் திருத்தும் ப்ரீஆம்ப் பெடலிடம் நாம் கேட்பது இந்தக் குணங்களைத்தான். கனத்த பேஸையோ தேன் ஒழுகும் இனிமையையோ அதனிடம் தேடினால் ஏமாற்றம்தான்.

இங்கே சொல்லும் பெடல் ஒரு சிறு தயாரிப்பாளருடையது. உள்ளே இரண்டு ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) அடுக்குகள், நடுவில் டோன் பகுதி, 9 வோல்ட் மின்சாரம். கெயின், பேஸ், மிட், ட்ரெபிள், வால்யூம் என ஐந்து குமிழ்கள். ஸ்பீக்கர் சிமுலேஷன், அதாவது கிட்டார் ஸ்பீக்கரின் ஒலியை நகல் செய்யும் வசதி, கிடையாது. இதே அமைப்பில் பலர் செய்து விற்பதால் பெயரைவிட அமைப்பைப் பார்த்து வாங்குவதே சரி. ஜேஃபெட் ஒற்றை அடுக்கின் சிதைவில் இரண்டாம் ஹார்மோனிக் (அசல் சுரத்தின் இரு மடங்கு அதிர்வு) மேலோங்கியிருக்கும். காதுக்கு டியூபை நினைவூட்டுவது அதுதான். பெட்டிக்குள் நிஜ டியூப் எரிகிறது என்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 12ஏஎக்ஸ்7 டியூபின் ஹீட்டருக்கு மட்டுமே 6.3 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர் வேண்டும். அதைக் கொடுத்துவிட்டுப் பிளேட்டுக்கு வெறும் 9 அல்லது 12 வோல்ட் கொடுக்கும் பெடல்களில் வெளிச்சம்தான் மிஞ்சும். ஒலி சீக்கிரமே கரகரக்கும்.

பெடலுக்கு முன்னால்

பாதி ஒலி பெடலுக்குள் நுழையும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஸ்ட்ரிங் ஃபிளாட்வவுண்டாக, அதாவது தட்டையான நாடா சுற்றியதாக இருக்க வேண்டும். மூன்றாவது ஸ்ட்ரிங்கும் சுற்றப்பட்டதாக இருக்க வேண்டும். டடாரியோ குரோம்ஸ் 12-52 செட் தொடங்குவதற்கு ஏற்றது. கை பழகிவிட்டால் 13-56 இன்னும் உருண்டையாகப் பேசும். இந்தப் பக்கத்து வெயிலில் வியர்வைக் கையோடு வாசித்தாலும் சுற்றுப்பகுதி ஸ்டெயின்லெஸ் என்பதால் அது தாங்கும். வெறும் எஃகாக இருக்கும் முதல் இரண்டு ஸ்ட்ரிங்குகள்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்த இரண்டை மட்டும் தனியாக வாங்கி மாற்றினால் போதும், முழு செட்டையும் கழற்ற வேண்டியதில்லை.

அடுத்தது கேபிள். கிட்டாருக்கும் பெடலுக்கும் இடையிலான கேபிளின் நீளம் ஒலியை நேரடியாக மாற்றும். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் கேபிள் 600. கிட்டாருக்குள் இருக்கும் வயரிங்கையும் சேர்த்தால் 700. பிக்கப்பின் இண்டக்டன்ஸ் 4.5 ஹென்றி என்றால் ஒலி மிகத் தூக்கலாகக் கேட்கும் ஒத்ததிர்வு முகடு ஏறக்குறைய 2,800 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். அதையே 3 மீட்டர் கேபிளாக்கினால் முகடு 3,700-க்கு மேலே போய்விடும். பழைய ஒலிக்கு முதலாவதுதான் வேண்டும். ஆகவே நீளக் கேபிளை கிட்டார் பக்கம் போடுங்கள், குட்டைக் கேபிளைப் பெடலுக்கும் ஆம்புக்கும் இடையே போடுங்கள். பெடலின் வெளியீட்டு இம்பிடன்ஸ் (மின்தடை போன்ற எதிர்ப்பு) குறைவு என்பதால் அதற்கு அப்பால் கேபிளின் நீளம் ட்ரெபிளை அவ்வளவாகத் தின்னாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பெடல் கூர்மையாக இருக்கிறது என்கிறார்கள்.

நீளக் கேபிளுக்கு முன்பே, கேபிளின் பாதிப்பைக் கிட்டாரிடம் சேர விடாத பஃபர் பெடலோ பஃபர் உள்ள ட்யூனரோ வைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் வீண். ட்யூனரை ப்ரீஆம்புக்குப் பின்னால் வையுங்கள்.

டோன் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தால் ஏன் மூக்கடைத்த ஒலி வருகிறது? 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் முழுதாகப் பிக்கப்போடு சேரும்போது புதிய முகடு ஒன்று ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸில் உருவாகிறது. 0.047 என்றால் அது 350 பக்கம் இறங்கும். அதற்கு மேலே எல்லாம் சரிந்துவிடும். குமிழை 5-லிருந்து 7 வரைக்குள் வைத்து, மிச்சத்தைப் பெடலின் ட்ரெபிளில் குறைப்பதே நல்லது. வால்யூம் குமிழுக்கும் ஒரு வேலை உண்டு. 500 கிலோஓம் குமிழை 7, 8-க்கு இறக்கினால் மூல இம்பிடன்ஸ் உயர்ந்து, 600 பிகோஃபாரட் கேபிளோடு சேர்ந்து உச்சத்தை இன்னும் மென்மையாக்கும். வால்யூமைக் குறைத்தாலும் உச்ச ஒலியைக் கடத்திவிடும் ட்ரெபிள் பிளீட் கெப்பாசிட்டர் பொருத்திய கிட்டாரில் இது நடக்காது. அதைக் கழற்றிவிடுவதே மேல்.

குமிழ்கள்

கெயினை இப்படிப் பிடியுங்கள். கிட்டார் வால்யூம் முழுசாக இருக்கட்டும். நீங்கள் மீட்டக்கூடிய மிகக் கனமான நாலு சுர கார்டை, கீழ் ஸ்ட்ரிங்கும் சேர, பலமாக மீட்டுங்கள். ஓரம் கிழியத் தொடங்கும் வரை கெயினை ஏற்றுங்கள். பிறகு கடிகார முள் கணக்கில் ஒரு மணி நேரம் பின்னுக்கு இழுங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் இது பெரும்பாலும் 9 மணியிலிருந்து 10 மணிக்குள் நிற்கும். பி-90 போன்ற ஒற்றைச் சுருளில் கொஞ்சம் மேலே. இனிமேல் கார்டுக்கு வால்யூம் 7, தனி வாசிப்புக்கு 10. பெடலை அணைக்கவே வேண்டாம். அது இந்தக் கிட்டாரின் ஓர் உறுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பேஸை 9 மணிக்கு மேல் ஏற்றியதாக நினைவில்லை. இந்தப் பெடலில் டோன் பகுதி இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் இருப்பதால் அங்கே பேஸைக் குறைத்தால் இரண்டாம் அடுக்கு திணறாது. அதே பேஸை ஆம்பில் போய்க் குறைத்தால் கொழகொழப்பு ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கும், பிறகு எடுக்க முடியாது. மிட் 2 மணி, ட்ரெபிள் 10 மணி. பெடல் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே சத்தம் கேட்கும்படி பெடலின் வால்யூமை வையுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் சத்தம் கூடியதைத்தான் ஒலி நன்றாகிவிட்டது என்று காது ஏற்றுக்கொள்ளும்.

பெடலைச் செருகும் ஆம்ப் ஃபெண்டர் வகையாக இருந்தால் அதன் டோன் அமைப்பு நடுப்பகுதியை 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் குழித்துவிடும். நாம் சேர்த்த மிட்டை அது எடுத்துவிடும். மிட் 8 முதல் 10, பேஸ் 2, ட்ரெபிள் 3 என்று வைத்தால் குழி ஏறக்குறைய நிரவும். ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் இருந்தால் பெடலை அங்கே செருகிப் பாருங்கள். ஆம்பின் சொந்த ப்ரீஆம்ப் முழுதும் விலகிப்போகும். டிரான்சிஸ்டர் ஆம்புகளில் எனக்குப் பிடித்த வழி இதுதான். முன்பக்க இன்புட்டைவிட இதில் சுரங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் பிரிந்து கேட்கும்.

18 வோல்ட்டில் ஓட்டினால் ஹெட்ரூம் (ஒலி சிதையாமல் தாங்கும் அளவு) கூடும், ஒலி விரியும். ஆனால் அந்த மென்மையான அமுக்கம் குறையும். பழைய ஒலிக்கு 9 வோல்ட்டே போதும். 18 கொடுக்க விரும்பினால் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று பாருங்கள். பல பெடல்களில் மின்னோட்டத்தை வடிகட்டும் கெப்பாசிட்டர் 16 வோல்ட்டுக்கானது, அது பழுதாகலாம், வெடிக்கவும் கூடும். அடாப்டரில் நடு முனை நெகட்டிவாக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் கீபோர்டு அடாப்டரைச் செருகும் முன் முனையையும் வோல்ட்டேஜையும் படியுங்கள்.

செட்டிநாட்டு வீடும் மின்சாரமும்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கம் வீட்டு விசேஷ மாலைகளிலும் பழைய வீடுகளை விடுதியாக்கிய இடங்களிலும் வாசிப்பவர்களுக்குக் கடைசிப் பிரச்சினை அறைதான். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் தரை, பளிங்கு, பெரிய கண்ணாடிகள், உயரமான கூரை. எதுவுமே ஒலியை உறிஞ்சாது. நான்கு பக்கமும் தாழ்வாரம் ஓடும் வளவில் மேலே திறந்த வெளி இருப்பதால் அடி ஒலி கொஞ்சம் வெளியேறும். பட்டாலை எனும் மூடிய கூடத்தில் அதற்கும் வழியில்லை. இந்த இடங்களில் ரிவெர்ப் பெடலை அணைத்துவிடுங்கள், அறையே போதுமான ரிவெர்ப் தரும். பெடலின் பேஸை இன்னும் அரை மணி குறையுங்கள். ஆம்பைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள்; மூலை பேஸை வீங்க வைக்கும். ஒரு மர பெஞ்சின் மேல் தூக்கி வைத்து, முன்னால் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். இருக்கைகள் நிரம்பியதும் ட்ரெபிள் குறைந்துவிடும், அப்போது ஆம்பில் ஒரு புள்ளி ஏற்றினால் போதும். கூட்டம் வரும் முன் சரியாகக் கேட்ட அமைப்பை அப்படியே விடக் கூடாது.

உடல் வெறுமையான கிட்டார், ஆம்பின் ஒலியைத் திரும்ப வாங்கி, 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஊளையிடும். ஆறாவது ஸ்ட்ரிங்கின் நான்காம் கட்டை சுமார் 104 ஹெர்ட்ஸ். அந்த சுரத்தில்தான் பல கிட்டார்கள் முதலில் பிடிக்கும். ஆம்பின் முகத்தை நேராகப் பார்த்து உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். எஃப் துளைகளை நுரைப்பஞ்சால் அடையுங்கள். மிக்சரில் அடி ஒலியை வெட்டும் லோ கட் இருந்தால் 80 அல்லது 100-ல் போடுங்கள்.

இனி இரைச்சல். ப்ரீஆம்ப் பெடல் கிட்டாரின் ஒலியோடு அதில் ஒட்டி வரும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். பழி பெடல் மேல் விழுகிறது, காரணம் பெரும்பாலும் வீட்டு வயரிங். மின்வெட்டு நேரத்தில் ஓடும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பி-90 பிக்கப் காதைக் கிழிக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தப் பிரச்சினை இல்லை. எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் நடுப்புள்ளியில் இருந்தால் ‘ர்ர்’ என்ற உறுமல் வரும். முழு வேகத்தில் வையுங்கள் அல்லது அணையுங்கள். பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் இந்தத் தொல்லை தருவதில்லை. மலிவான ஸ்விட்சிங் அடாப்டர் மெல்லிய கீச்சு ஒன்றைச் சேர்க்கும். சந்தேகம் வந்தால் பெடலை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கீச்சு நின்றால் குற்றவாளி அடாப்டர். இந்த வகைப் பெடல் 10 மில்லிஆம்பியருக்குள் தின்னும் என்பதால் ஆல்கலைன் பேட்டரி பல கச்சேரி தாங்கும். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் வாசிக்காதபோதும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

பழைய வீடுகளின் இரண்டு முனை பிளக்குகளில் எர்த் இருக்காது. ஸ்ட்ரிங்கைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். எர்த் உள்ள பாயிண்டிலிருந்து ஆம்பையும் மிக்சரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். ஒன்று வீட்டு லைனிலும் ஒன்று ஜெனரேட்டரிலும் இருந்தால் கிரவுண்ட் லூப் ஹம் நிச்சயம். அதற்குத் தீர்வு, கருவியை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச். பிளக்கின் எர்த் முனையை உடைப்பது உயிருக்கு ஆபத்து.

மைக்செட்காரர் பெடலிலிருந்து நேராக ஒரு லைன் கேட்பார். கொடுக்க வேண்டாம். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகச் சரியும். பந்தல் ஸ்பீக்கரின் ட்வீட்டர் சரியாது. சிமுலேஷன் இல்லாத பெடலின் உச்சச் சிதைவு முழுதும் அங்கே அரைத்துக்கொண்டு கேட்கும். மிக்சரின் ஹை குமிழ் பொதுவாக 12,000 பக்கம் வேலை செய்வது, அதை இறக்கினாலும் 5,000-ல் பெரிய பயன் இல்லை. ஆம்ப் ஸ்பீக்கரின் கூம்புக்கு நடுவிலிருந்து கொஞ்சம் விலக்கி, 5 முதல் 8 சென்டிமீட்டர் தூரத்தில் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். ஆம்பே இல்லாத மேடை என்றால் இந்தப் பெடலுக்குப் பின்னால் தனியாக ஒரு கேப் சிமுலேட்டர் (ஸ்பீக்கர் ஒலியை நகல் செய்யும் கருவி) தேவை. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் இந்த வகைப் பெடலின் விலையைப் பார்க்க வேண்டும்.

நாள்பட

நாள் செல்லச் செல்ல முதலில் தளர்ந்தது குமிழ்கள். செம்மண் தூசி உள்ளே இறங்கி, ஐப்பசி, கார்த்திகை ஈரம் சேர்ந்ததும் திருப்பும்போது கரகரப்பு வந்தது. பெடலைத் திறந்து, குமிழின் உலோக உடலில் உள்ள சிறு துளை வழியே கான்டாக்ட் கிளீனரைச் சொட்டளவு விட்டு, முப்பது தடவை முழுக்கத் திருப்பினால் சரியாகிவிடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை விடாதீர்கள். படிந்த எண்ணெய் தூசியை இன்னும் ஈர்க்கும். சுத்தம் செய்த பிறகும் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அது தூசியாக இருக்காது, கெப்பாசிட்டர் கசிந்து நேர்மின்னோட்டம் (டிசி) குமிழுக்குள் வரலாம். மல்டிமீட்டரில் குமிழின் முனைகளில் டிசி வோல்ட்டேஜ் தெரிந்தால் அந்தக் கெப்பாசிட்டரை மாற்றியாக வேண்டும்.

கால் சுவிட்ச் எப்போதும் போட்டே வைப்பதால் தேயவில்லை. பெடல் போர்டில் ஒட்டிய வெல்க்ரோவின் பசை சித்திரை வெயிலில் காருக்குள் உருகிப் பெட்டியின் அடித்தகட்டில் பரவியது. இரண்டு திருகு போட்டு அடிப்பலகையில் நேராகப் பூட்டிவிடுவதே நிலையான வழி. பழையதாக வாங்குபவர்கள் மின்சார ஜாக்கை விரலால் அசைத்துப் பாருங்கள். சர்க்யூட் போர்டில் நேரடியாகப் பற்றவைத்த ஜாக் என்றால் ஈயம் விண்டு, ஒலி விட்டுவிட்டு வரும். சுட்டுக்கோலை வைத்து மறுபடி பற்றவைக்கப் பத்து நிமிடம் போதும், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.