கிளாரிஸா, 105-ஆ, ரைவலா: கடலோரத்துக்கு எந்த கியர் செட்?

ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கியர்?" என்றுதான். புதுச்சேரியில் ஓட்டப்போகிறவர் என்றால், எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பின்சக்கர கேசட்டின், அதாவது பின்னால் அடுக்கியிருக்கும் பற்சக்கரங்களின், பற்களைப் பாருங்கள் என்பேன். பின்னால் பல் குறைந்தால் வேகம் கூடும், மிதிப்பது கடினமாகும். ஷிமானோ, எஸ்ராம் என்ற இரண்டு நிறுவனங்களின் மூன்று கியர் செட்களை எடுத்துக்கொள்வோம்.

ஷிமானோ கிளாரிஸ், 8 கியர், 11-28 (சிறியதில் 11 பல், பெரியதில் 28) கேசட்: 11, 13, 15, 17, 19, 21, 24, 28. ஷிமானோ 105-இன் ஆர்7000 வரிசை, 11 கியர், அதே 11-28: 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. எஸ்ராம் ரைவல் ஆக்ஸஸ், 12 கியர், 10-30: 10, 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 24, 27, 30.

மூன்றிலும் நடுவில் 15, 17, 19, 21 அப்படியே இருக்கிறது. முன்னால் பெடல் பக்கத்துப் பெரிய பற்சக்கரத்தில் 50 பல் (கிளாரிஸிலும் 105-இலும் வழக்கமானது), நிமிடத்துக்கு 90 மிதி என்று கணக்குப் போட்டால், 21-இல் மணிக்கு 27 கி.மீ., 19-இல் 30, 17-இல் 33 வரும். கடலூர் போய்வரும் சமதளப் பாதையில் நம் கால்கள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும். அந்த இடத்தில் கூடுதல் பணத்துக்குக் கூடுதல் கியர் கிடைப்பதில்லை.

105 ஜெயிக்கும் இடமும் உண்டு. மார்கழியில் வடக்கே மரக்காணம் போய்த் திரும்பும்போது வாடைக்காற்று முதுகில் தள்ளும். கூட்டமாக 38-ஐத் தாண்டி ஓட்டுவோம். கிளாரிஸில் 15-க்கு அடுத்தது 13. வேகம் 38-லிருந்து 44-க்குத் தாவ வேண்டும், அல்லது கால் திணறும். 105-இல் இடையில் 14 இருக்கிறது, 40-41-இல் நிம்மதியாக மிதிக்கலாம். குழுவோடு வேகமாக ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு பல் பெரிய விஷயம். கைப்பிடியில் கியர் மாற்றும் லீவரும் 105-இல் இன்னும் மென்மை.

ரைவலில் மாற்றும் முறையே வேறு. வலது லீவர் கடினமான கியருக்கு, இடது லீவர் இலகுவானதற்கு, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன் பற்சக்கரம் மாறும். ஒரே நாளில் கை பழகிவிடும்.

சரி, உப்புக் காற்றுக்கு வருவோம். நம் ஊரில் கியர் கெடுவது பெரும்பாலும் கேபிளில்தான். உள்கம்பி துருப்பிடித்து உறைக்குள் இறுகும், மாற்றம் தாமதமாகும், டீரெய்லரை (செயினைப் பல் விட்டுப் பல் நகர்த்தும் பாகம்) திருகித் திருகி அலுத்துப்போவோம். ரைவலில் கியருக்குக் கேபிளே இல்லை, பேட்டரியில் வயரில்லாமல் மாறும். கடலோரத்துக்கு எலக்ட்ரானிக் கியரின் நிஜமான லாபம் இதுதான். வேகத்தை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

செயின் எல்லாவற்றிலும் துருப்பிடிக்கும். இங்கே கிளாரிஸ் பக்கம் நிற்கிறேன். 8 கியர் செயின் சுமார் 7 மி.மீ. அகலம், விலை குறைவு, தேய்ந்தால் யோசிக்காமல் மாற்றலாம். 11 கியர் செயின் சுமார் 5.5 மி.மீ., விலையும் கூட. ரைவல் செயினும் கேசட்டும் எஸ்ராமின் ஆக்ஸஸ் ரோடு வரிசைக்கே உரியவை, சாதாரண சைக்கிள் கடையில் எதிர்பார்க்க முடியாது. மலை ஏறுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். கடலூர் கேப்பர் மலைக்கு எதுவும் போதும், ஏற்காட்டுக்கு என்றால் கிளாரிஸிலும் பின்னால் 34 பல் வரை போடலாம்.

என் தேர்வு கிளாரிஸ். மிச்சப் பணத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்ததும், துருப்பிடிக்காத எஃகுக் கேபிளும் புதுச் செயினும். குழுவோடு போட்டிபோட்டு ஓட்டுகிறவர் 105-க்குப் போகட்டும். கடற்கரையிலேயே குடியிருந்து தினமும் ஓட்டுகிறவர், கையில் பணமும் இருந்தால், ரைவல் வாங்குவதில் தப்பே இல்லை.

வழியில் கெட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுங்கள். ரைவலின் பின் பேட்டரி தீர்ந்தால், முன் டீரெய்லரின் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம், இரண்டும் ஒன்றே. கிளாரிஸிலோ 105-இலோ பின்கேபிள் அறுந்தால் செயின் 11 பல்லுக்கு இறங்கிவிடும். பதற வேண்டாம். முன்னால் 34 பல் உள்ள சின்னப் பற்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 34-க்கு 11 என்பது கிட்டத்தட்ட 50-க்கு 16. நிதானமாக நிமிடத்துக்கு 60 மிதித்தாலும் மணிக்கு 23 கி.மீ. மரக்காணம் உப்பளத்திலிருந்தே வீடு வந்து சேரலாம்.