மும்பையைச் சுற்ற எந்த டிக்கெட் எடுக்கலாம்? ஒரு செம்பூர்வாசியின் அனுபவம்

ஊரிலிருந்து யார் மும்பைக்குக் கிளம்பினாலும் போனில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஒரு நாள் பாஸ் எடுத்துட்டா எல்லாத்துலயும் ஏறலாமா?" ஏற முடியாது. லோக்கல் ரயிலுக்கு ஒரு டிக்கெட், மெட்ரோவுக்கு ஒன்று, பெஸ்ட் என்கிற நகரப் பஸ்ஸுக்கு இன்னொன்று. 2025 அக்டோபரில் வந்த மும்பை ஒன் செயலியால் இந்த டிக்கெட்டுகளை ஒரே இடத்தில் வாங்க முடிகிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் ஒருமுறை காசு கட்டிவிட்டு நாள் முழுக்க எதில் வேண்டுமானாலும் ஏறி இறங்குகிற ஒரே பாஸ் இங்கே கிடையாது.

செம்பூரில் குடியிருக்கிறேன். பல வருடங்களாக வேலைக்கு லோக்கலில்தான் போய்வருகிறேன். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டால் சொந்தபந்தங்களை அழைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதும் என் பொறுப்பு. இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: மும்பையில் டிக்கெட்டை விலை பார்த்து எடுக்கக் கூடாது. எந்த நேரத்தில், யாரோடு போகிறோம் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் காசுக் கணக்கை முடித்துவிடுவோம். லோக்கலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. சர்ச்கேட்டிலிருந்து அந்தேரி வரை 10 ரூபாய். சிஎஸ்எம்டி எனப்படும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர், அதற்கு 15 ரூபாய். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று ஓடியது இதே தடத்தில்தான். இந்தக் கட்டணத்தில் ஒரு நாளைக்கு நாலு முறை ஏறி இறங்கினாலும் 60 ரூபாயைத் தாண்டாது. ரயில்வே சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் டிக்கெட்டுகள் தருகிறது. லோக்கல் ஓடும் மேற்கு, மத்திய, ஹார்பர் லைன் ஆகிய மூன்று தடங்களிலும் செல்லும். இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் டிக்கெட் எடுத்தால் காசு மிச்சமாகாது. இருந்தும் மூன்று நாள் டிக்கெட்டை நான் மனதாரச் சிபாரிசு செய்கிறேன், வரிசையில் நிற்க வேண்டாம் என்பதற்காக. தாதரிலும் குர்லாவிலும் கவுண்டர் வரிசை சில வேளை பயணத்தைவிட நீண்டுவிடும். இந்தி வராதவர்களுக்குக் கவுண்டரில் பேசுவதே ஒரு தயக்கம். ஒருமுறை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டால், மனதுக்குப் பட்ட ஸ்டேஷனில் இறங்கி, பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

போனில் எடுப்பதென்றால் ரயில்வேயின் ரயில்ஒன் செயலி போதும். ஸ்டேஷனுக்குள் கால் வைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு முயன்றால் ஜிபிஎஸ் விடாது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடவும் வேண்டும். அதனால் ஓட்டலில் உட்கார்ந்து காலையிலேயே மொத்த நாளுக்கும் எடுத்து வைப்பது நடக்காது. டிக்கெட் இல்லாமல் மாட்டினால் அபராதம் குறைந்தது 250 ரூபாய். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அதே கதைதான். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே வண்டியில் அடுத்தடுத்து இருக்கின்றன. பெட்டியின் வெளிப்பக்கத்தில் சாய்வாகப் பட்டை பட்டையாகக் கோடு போட்டிருந்தால் அது முதல் வகுப்பு. அந்தப் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் பிளாட்பாரத் தூணிலும் அதே கோடுகள் இருக்கும். ஏறும் முன் தூணைப் பாருங்கள்.

சரி, முதல் வகுப்பில் அப்படி என்ன இருக்கிறது? ஏசி கிடையாது. இருக்கை கொஞ்சம் மெத்தென்று இருக்கும், ஆள் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இரண்டாம் வகுப்பில் மூன்று பேர் பெஞ்சில் நாலாவதாக ஒருவர் ஓரத்தில் ஒண்டிக்கொள்வது இங்கே எழுதாத சட்டம். 'ஃபோர்த் சீட்' என்று அதற்குப் பெயரே உண்டு. யாராவது வந்து கையை லேசாக அசைத்தால் நகர்ந்து இடம் கொடுங்கள், யாரும் முறைக்க மாட்டார்கள். 2022 மே மாதத்தில் முதல் வகுப்பு ஒற்றைப் பயணக் கட்டணத்தையும் ஏசி லோக்கல் கட்டணத்தையும் நன்றாகக் குறைத்தார்கள். அதன் பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயதானவர்களோடு வருகிறீர்கள் என்றால் முதல் வகுப்பை மறந்துவிட்டு ஏசி லோக்கலையே பாருங்கள். கதவு மூடிக்கொள்கிறது என்ற ஒரு காரணமே எனக்குப் போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: முதல் வகுப்பு டிக்கெட் ஏசி வண்டியில் செல்லாது.

எந்த வகுப்பானாலும் நேரம் தப்பினால் எல்லாம் வீண். காலை ஏழரையிலிருந்து பதினொன்று வரை கூட்டம் தெற்கே போகும். மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை வடக்கே திரும்பும். தெற்கே ஃபோர்ட், கொலாபா பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு இது வரம். காலையில் சர்ச்கேட்டிலிருந்து வடக்கே போரிவலிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தே போய்விடலாம். அங்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளோடு கான்ஹேரி இருக்கிறது. திங்கள்கிழமை குகைகளுக்கு விடுமுறை. செம்பூர், தானே, முலுண்டு பக்கம் உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் பதினொரு மணிக்கு மேல் கிளம்புங்கள். அதுவரை வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசலாம்.

இறங்குவதுதான் இங்கே பெரிய கலை. போன முறை பெரியம்மாவைக் குர்லாவிலிருந்து தாதருக்கு, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ வண்டியில் கூட்டிப் போனேன். சயான் தாண்டியதும், "பெரியம்மா, எழுந்து வாங்க, கதவுகிட்ட போயிடலாம்" என்றேன். "இன்னும் மாட்டுங்கா இருக்கேடா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். எழுந்து நகர்ந்ததுமே முன்னால் நின்றவர், "தாதர் உதர்னா ஹை க்யா?" (தாதரில் இறங்கணுமா?) என்று கேட்டார். எல்லோரும் தனக்கு முன்னால் நிற்பவரிடம் அதையே கேட்டு, இறங்காதவர் ஒதுங்கி, இறங்குபவர் முன்னே போய், ஸ்டேஷன் வருவதற்குள் கதவோரம் ஒரு வரிசை தானாகச் சேர்ந்துவிட்டது. வண்டி அரை நிமிடம்கூட நிற்பதில்லை. அந்த ஒரு கேள்வியையும் "ஹாம்" (ஆமாம்) என்ற பதிலையும் ஊரிலிருந்து வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவேன். பெண்கள் பெட்டியில் தனியாக ஏறுபவர்களோடு, எந்தப் பாலத்தடியில் சந்திப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தாதரில் மேற்கு ரயில்வேக்கு 1 முதல் 7 வரை, மத்திய ரயில்வேக்கு 8 முதல் 14 வரை என 2023 டிசம்பரில் பிளாட்பார எண்களை வரிசைப்படுத்தியபின் குழப்பம் நிறையக் குறைந்திருக்கிறது.

என்னைக் கேட்டால் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு இப்போது மிகச் சிறந்த வழி அக்வா லைன் என்கிற மெட்ரோ 3 தான். ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை 33.5 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன், ஆரே தவிர எல்லாம் பூமிக்கடியில். முழுத் தடமும் 2025 அக்டோபரில் திறந்தது. அதிகபட்சக் கட்டணமே 70 ரூபாய். லிஃப்ட் இருக்கிறது, எஸ்கலேட்டர் இருக்கிறது, விமான நிலையத்தின் இரண்டு முனையங்களும் இதில் வருகின்றன. சித்திவிநாயகர் கோயிலுக்கு முன்பெல்லாம் தாதரில் இறங்கி டாக்ஸி பிடிப்போம். இப்போது கோயில் பெயரிலேயே ஸ்டேஷன். முட்டி வலிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தாதர் பாலம் ஏறிய எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் பூமிக்கடியில் போனால் ஊர் தெரியாது. ஒரு தடவையாவது பகலில் லோக்கலில் மகாலட்சுமியில் இறங்கி, ஸ்டேஷனை ஒட்டிய பாலத்தில் நின்று தோபி காட்டைப் பாருங்கள். வரிசை வரிசையாகக் கல்தொட்டிகள், மேலே கொடியில் நிறம் பிரித்துக் காயும் துணிகள். சிஎஸ்எம்டியில் இறங்கியதும் வெளியே ஓடாமல் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி நின்று கட்டடத்தைப் பாருங்கள். ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது, 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து ஓவல் மைதானம் நடந்துபோகும் தூரம்தான். ஒரு பக்கம் ராஜாபாய் கோபுரமும் உயர்நீதிமன்றமும், எதிர்ப்பக்கம் ஆர்ட் டெகோ வீடுகள். இந்தப் பகுதியும் 2018இல் அதே பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவையும் பார்க்க ஒரு பைசா டிக்கெட் தேவையில்லை.

தென் மும்பையில் ஆட்டோ கிடையாது, பாந்த்ராவுக்கும் சயானுக்கும் வடக்கேதான் ஓடும். அதனால் அங்கே பஸ் கைகொடுக்கும். 2025 மே மாதம் பெஸ்ட் குறைந்தபட்சக் கட்டணம் இரட்டிப்பானது: சாதா பஸ் 10 ரூபாய், ஏசி 12 ரூபாய். ஒரு நாள் பாஸ் 75 ரூபாய். ஏழெட்டு முறை ஏறுவீர்களானால் பாஸ் எடுங்கள், இல்லாவிட்டால் தனித்தனி டிக்கெட்டே போதும். ஏசி டபுள் டெக்கரில் மாடியில் முன்சீட் கிடைத்தால் குழந்தைகள் இறங்கவே மாட்டார்கள்.

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டா குகைத் தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். குகைக்குத் திங்கள் விடுமுறை, மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள். படகு டிக்கெட் வேறு, குகைக்கு நுழைவுச்சீட்டு வேறு.

நம்மவர்கள் கட்டாயம் கேட்கும் இடம் மாட்டுங்கா. மத்திய லைனில் மாட்டுங்கா, மேற்கில் மாட்டுங்கா ரோடு, ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்று ஸ்டேஷன்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. பூக்கடைக்கும் ஆஸ்திக சமாஜக் கோயிலுக்கும் மத்திய லைன் மாட்டுங்கா வசதி. 2017இல் நாட்டிலேயே முதன்முதலாகப் பெண்களே முழுக்க நடத்தும் ஸ்டேஷன் ஆனதும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகக் கூட்டம் இருக்காது என்று எல்லோரும் அன்றைக்கே திட்டம் போடுகிறார்கள். அன்றுதான் பராமரிப்புக்காக மெகா பிளாக் போடுவார்கள், சில மணி நேரம் ஏதாவது ஒரு லைன் முடங்கும். ஏசி வண்டிகளும் குறையும். எந்த லைன், எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாள் செய்தியில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம், ஊருக்குத் திரும்பும் நாள். கோவை ரயில் லோக்மான்ய திலக் டெர்மினஸிலிருந்து கிளம்பும். எல்லோரும் அதைக் குர்லா டெர்மினஸ் என்பதால் குர்லா ஸ்டேஷனில் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஹார்பர் லைனில் அடுத்த ஸ்டேஷனான திலக் நகரில் இறங்கினால் நடை குறைவு. மாலைக் கூட்டத்தில் மூட்டை முடிச்சோடு லோக்கலில் ஏறவே வேண்டாம், டாக்ஸியோ ஆட்டோவோ எடுத்துவிடுங்கள்.