கேதார்காந்தா பனி ட்ரெக்குக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டிசம்பர் நெருங்கினாலே இன்ஸ்டாகிராம் முழுக்கக் கேதார்காந்தாதான். வெள்ளை வெளேரென்று பனி, நடுவில் மஞ்சள் கூடாரம், "தமிழ் குரூப், நம்ம ஊர் சாப்பாடு, முதல்முறை வர்றவங்களும் வரலாம்" என்று ஒரு ரீல். அப்படி ஒன்றைப் பார்த்துப் பணம் கட்டிப் போன இடத்தில், என் சித்தி மகளைப் பறிகொடுத்திருக்க வேண்டியது. கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் அவர்கள் வியாபாரம் செய்யும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதே விதத்தில் விற்கிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

கேதார்காந்தா உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது. உச்சி 12,500 அடி. டேராடூனிலிருந்து புரோலா, மோரி வழியாகச் சாங்க்ரி என்ற கிராமம் வரை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், மலைப்பாதையில் ஒரு முழுப் பகல் வண்டியிலேயே போய்விடும். சாங்க்ரியிலிருந்து நடை. "பனியில் ஏறுவதற்குச் சுலபமான மலை" என்று பெயர் வாங்கியிருக்கிறது. நல்ல ஆளும் நல்ல சாமானும் கூட வந்தால் அது உண்மைதான். அந்த இரண்டுக்காகத்தான் நாம் பணம் கட்டுகிறோம், அந்த இரண்டும்தான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் எழுத்தில் கொடுத்த வாக்கு இது: எட்டுப் பேருக்கு ஒரு கைடு, பயிற்சி பெற்ற ட்ரெக் லீடர், மைனஸ் 10 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக், ஷூவில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக்ஸ், கெய்டர் (ஷூவின் வாயையும் கெண்டைக்காலையும் மூடும் உறை), ஆக்சிஜன், முதலுதவி. தலைக்கு 8,500 ரூபாய். முழுத்தொகையும் முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். கம்பெனிக் கணக்குக்குப் போகவில்லை, ஒரு தனிநபரின் நம்பருக்குப் போனது.

சாங்க்ரியில் இறங்கினால் அந்தக் கம்பெனி ஆள் ஒருவர்கூட இல்லை. போன் போட்டால், "லோக்கல் டீம் பார்த்துப்பாங்க மேடம்" என்றார்கள். அந்த லோக்கல் காண்ட்ராக்டரோ எங்களை வேறு மூன்று குரூப்போடு சேர்த்து ஒரே கும்பலாக்கிவிட்டார். நான் சண்டை போட்டபோதுதான் அவர் வாயிலிருந்து வந்தது: எங்களிடம் பணம் வாங்கிய கம்பெனி டேராடூனில் ஒரு ஏஜென்டுக்கு எங்களைக் கைமாற்றியிருக்கிறது, அந்த ஏஜென்ட் இந்தக் காண்ட்ராக்டருக்குக் கைமாற்றியிருக்கிறார். நாங்கள் கட்டியதில் பாதிகூட இவர் கைக்கு வரவில்லையாம். ஆளுக்கு ஆள் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில்தான் எங்கள் கைடு, சாமான், சாப்பாடு எல்லாம்.

சாமான் என்ன லட்சணம் என்று சொல்கிறேன். ஒரு கோணிப்பையை அவிழ்த்துத் தரையில் கொட்டி, "எடுத்துக்குங்க" என்றார்கள். மைக்ரோ ஸ்பைக்ஸ் என்பது ஷூவின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர் பட்டையும், பாதத்துக்கு அடியில் வரும் சங்கிலியும், அதில் சின்னச் சின்ன இரும்புப் பற்களும். என் கையில் வந்ததில் ரப்பர் வெடித்திருந்தது. என் தங்கைக்கு வந்ததில் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து, அதைக் கட்டுக்கம்பியால் முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். பற்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. கெய்டர் பாதிப் பேருக்கு இல்லவே இல்லை. கெய்டர் இல்லாமல் முழங்கால் பனியில் நடந்தால் ஷூவின் வாய் வழியாகப் பனி உள்ளே விழும், உள்ளே உருகும், சாக்ஸ் நனையும். நனைந்த சாக்ஸோடு மைனஸ் குளிரில் நின்றால் விரல் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. "ஆக்சிஜன்" என்று காட்டியது மருந்துக்கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பா. சில நிமிடம்கூடத் தாங்காது அது. வேறு சாமான் கேட்டதற்கு, "சீசன் மேடம், ஸ்டாக் இல்லை." வாடகைக் கடைகளிலும் அன்றைக்குக் காலியாகத்தான் இருந்தது.

கைடாக வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. முந்தின நாள் சாயங்காலம்தான் கூப்பிட்டார்களாம், தினக்கூலிக்கு. அவன்மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை. தன் கையுறையைக் கழற்றி எங்கள் குரூப் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தவன் அவன். அத்தனை பேருக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் என்று இரண்டு பையன்களை அனுப்பியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜூடா கா தாலாப் முகாமிலும் பேஸ் கேம்ப்பிலும் மூன்று பேர் கூடாரத்தில் ஐந்து பேரைத் திணித்ததையும், ஈரம் காயாத ஸ்லீப்பிங் பேக்கையும் விட்டுவிடுகிறேன். அவை சகித்துக்கொள்ளக்கூடியவை.

உச்சிக்கு விடியும் முன்பே இருட்டில் கிளம்ப வேண்டும். ராத்திரிக் குளிரில் பனி இறுகியிருக்கும், கால் புதையாது. வெயில் ஏறினால் இளகிவிடும், மதியத்துக்கு மேல் வானிலையையும் நம்ப முடியாது. அன்றைக்கு எல்லாக் கம்பெனிக் கூட்டமும் ஒரே நேரத்தில் கிளம்பி, குறுகலான சரிவுகளில் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றோம். ஏறி வியர்த்த உடம்போடு அப்படி நிற்பதுதான் ஆபத்து. வியர்வை உடம்பிலேயே குளிர்ந்துபோகும்.

"அக்கா, விரல் இருக்கிறதே தெரியலக்கா" என்றாள் தங்கை. அதுவரை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தவள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. சூடு வந்துவிட்டது போலிருக்கிறது என்றார் பக்கத்தில் நின்றவர். அடுத்து அவள் பேசியது குழறியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். இறுகிய பனியில் வழுக்கி இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள், மொட்டைப் பற்கள் பிடிக்கவே இல்லை. முன்னால் போன கைடு எங்கோ மேலே ஒரு விளக்குப் புள்ளி. பின்னால் வர வேண்டியவன், மூச்சு வாங்கி நின்ற இன்னொருவரோடு கீழேயே தங்கிவிட்டான்.

அவளைப் பார்த்துப் புரிந்துகொண்டவர் வேறொரு குரூப்பின் லீடர், உள்ளூர்க்காரர். முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார், பெயர் கேட்டார், ஊர் கேட்டார். உடனே உட்காரவைத்து ஈரச் சாக்ஸைக் கழற்றி, தன் பையிலிருந்து காய்ந்த கம்பளிச் சாக்ஸை மாட்டி, உடம்புச் சூட்டை வெளியே விடாத, வெள்ளித்தாள் மாதிரியான ஒரு போர்வையில் அவளைச் சுற்றினார். என்னை அவளோடு ஒட்டி உட்காரச் சொன்னார். தெளிவாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் வெந்நீரில் சர்க்கரை கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். நான் அவள் விரல்களைத் தேய்க்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். உறைந்த விரலைத் தேய்த்தால் சதை இன்னும் கெட்டுப்போகுமாம். நடுக்கம் நிற்பது உடம்பு தோற்றுப்போகும் அறிகுறி என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன் ஆள் ஒருவரை அனுப்பி எங்களைக் கீழே இறக்கினார். ஒரு ரூபாய் வாங்க மறுத்துவிட்டார். தங்கை இப்போது நலம். இரண்டு விரல் நுனிகளில் உணர்ச்சி திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

திரும்பி வந்து கம்பெனிக்குப் போன் போட்டால், "வெதர் நம்ம கையில இல்லையே மேடம்." வெதரைப் பற்றி யார் கேட்டது? சங்கிலியைக் கட்டுக்கம்பியால் கட்டிக் கொடுத்தது வெதரா? பிறகு அடுத்த ட்ரெக்குக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். நான் போட்ட கமென்டை அழித்துவிட்டு என்னை பிளாக்கும் செய்துவிட்டார்கள்.

இதை ஏதோ ஒரு கசப்பான அனுபவம் என்று கடந்து போய்விடாதீர்கள். 2024 ஜூனில், அதாவது கோடையில், இதே உத்தரகாசிப் பக்கம் சகஸ்திரதால் என்ற மலை ஏரிக்கு ட்ரெக் போன கர்நாடகக் குழுவில் ஒன்பது பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். கோடையிலேயே அந்த மலை அப்படி என்றால் ஜனவரியை யோசித்துப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வியில் பிடிவாதமாக நில்லுங்கள்: மலையில் எங்களோடு நடக்கப்போகிற லீடர் யார்? அவருடைய பெயர் வேண்டும், என்ன பயிற்சி எடுத்தவர் என்று தெரிய வேண்டும், அவரோடு ஒரு தடவை போனில் பேச வேண்டும். சொந்தமாக நடத்துகிறவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. கைமாற்றி விடுகிறவர்களால் முடியவே முடியாது, ஏனென்றால் அவர்களுக்கே தெரியாது. சாமானைச் சாங்க்ரியிலேயே மாட்டிப் பாருங்கள், அறுந்ததையும் தேய்ந்ததையும் போட்டோ எடுத்து உடனே அவர்களுக்கு அனுப்புங்கள். அந்தப் போட்டோக்கள்தான் இப்போது எங்கள் புகாருக்குப் பலம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், டேராடூனுக்கு அலைய வேண்டியதில்லை. நாங்கள் கோவையில்தான் கொடுத்திருக்கிறோம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எதையும் அழித்துவிடாதீர்கள். இந்த டிசம்பருக்கு முன்பணம் கட்டியிருப்பவர்கள் இன்றைக்கே போன் போட்டு லீடர் பெயரைக் கேளுங்கள். மழுப்பினால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அதையும் போனில் சொல்வதோடு விடாமல் எழுத்தில் கேளுங்கள்.