பப்ளிஷர் கேட்டாலும் உங்கள் கேமை அவர் கணக்குக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள்

தனியாளாக மொபைல் கேம் செய்து பிளே ஸ்டோரில் போட்டிருக்கிறீர்களா? "நாங்கள் பப்ளிஷ் செய்து தருகிறோம், வருமானத்தில் பாதிப் பாதி" என்று யாராவது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்களா? அப்படியானால் கையெழுத்துப் போடும் முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். நீளமாகத்தான் இருக்கும். என் ஒன்றரை வருட உழைப்பு போன வழியைச் சுருக்கிச் சொன்னால் எந்த இடத்தில் ஏமாந்தேன் என்பது புரியாது.

எனக்கு ஊர் கோவில்பட்டி. பகலில் பில்லிங் சாஃப்ட்வேர் வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் யூனிட்டியை (கேம் செய்யும் மென்பொருள்) திறந்து உட்கார்ந்து ஒரு பல்லாங்குழி கேம் செய்தேன். பதினான்கு குழி, புளியங்கொட்டை, வெறுங்குழியைத் தடவி அடுத்த குழிக் காயை அள்ளுவது என்று அம்மா ஆடும் முறையிலேயே செய்தேன். சத்தத்துக்காக எந்த ரெடிமேட் ஃபைலும் வாங்கவில்லை. அடுப்படியில் ஃபேனை நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டு மரப் பலகையில் அம்மா கொட்டையைப் போடப் போட என் போனில் பதிவு செய்தேன். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதைப் "பசு" என்று சொல்லி எடுத்துக்கொள்வார்கள் இல்லையா, அந்த "பசு!" கூட அம்மா குரல்தான். இந்தக் குரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2024 ஜனவரியில் 25 டாலர் கட்டி டெவலப்பர் கணக்கு ஆரம்பித்தேன். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு ஆரம்பித்தவர்கள் 20 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் டெஸ்டிங் நடத்த வேண்டும் என்பது அப்போதைய விதி. (பிறகு அதை 12 பேராகக் குறைத்தார்கள்.) அத்தை மகன், மருந்துக்கடை அண்ணன், தங்கையின் கல்லூரித் தோழிகள் என்று ஒவ்வொருவரையும் கெஞ்சி, யாரும் இடையில் அழித்துவிடாமல் தினமும் வாட்ஸ்அப்பில் நினைவூட்டி அந்த 14 நாளை ஓட்டினேன். ஏப்ரலில் கேம் வெளியானது. ஆட்மாப் (ஆப்பில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் சேவை) கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்கும் பின் நம்பர் தபாலில் வந்தது. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். சில மாதம் அதைத் தொடும், சில மாதம் தொடாது. ஆனாலும் ஒன்பது மாதத்தில் ஐம்பதாயிரம் டவுன்லோட் தாண்டியது. வெளிநாட்டில் இருக்கும் பாட்டிமார்கள், பேரன் போனில் ஆடுவதாக எழுதினார்கள். ரேட்டிங் 4.6.

2025 பிப்ரவரியில் ஒரு போன். வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு கேம் பப்ளிஷிங் நிறுவனம். பேசியவர் நல்ல தமிழில் பேசினார். "ப்ரோ, உங்க கேம்ல ரிடென்ஷன் சூப்பர். மார்க்கெட்டிங்தான் இல்ல. அடுத்த ஃபிளாப்பி பேர்ட் நீங்கதான்" என்றார்.

(ரிடென்ஷன் என்றால் ஒருமுறை ஆடியவர்கள் விடாமல் திரும்பி வந்து ஆடுவது.) ஃபிளாப்பி பேர்ட் பெயரை யாராவது எடுத்தால் கொஞ்சம் நிதானியுங்கள். வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் என்ற ஒரே ஆள் 2013 மே மாதம் அந்த மொபைல் கேமைத் தானே வெளியிட்டார், தன் கணக்கில். உச்சத்தில் விளம்பரத்தில் மட்டும் நாளைக்குச் சுமார் 50,000 டாலர் வருவதாகச் செய்தி வந்தது. 2014 பிப்ரவரியில் அவரே எடுத்தும் விட்டார். வைப்பதும் எடுப்பதும் அவர் கையில் இருந்தது. எனக்கு அந்தப் பெயரைச் சொல்லி ஆசை காட்டியவர் என்னிடம் கேட்டது அதற்கு நேர்மாறானது.

கேமை அவர்கள் கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் செய்ய வேண்டும் என்றார். "எங்க கணக்குக்கு மதிப்பு அதிகம், ஸ்டோர்ல மேல வரும். உரிமை உங்களோடதுதான், இது சும்மா டெக்னிக்கல் விஷயம்." டிரான்ஸ்ஃபருக்கு இரண்டு கணக்கின் பதிவுக் கட்டண ரசீது எண்ணும் வேண்டும். பழைய மெயிலைத் தேடி, அந்த 25 டாலர் ரசீதின் எண்ணை நானே எடுத்துக் கொடுத்தேன். விளம்பரப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறியீடுகளையும் அவர்களுடையதாக நானே கேமில் மாற்றிப் போட்டேன். "எங்க டீம் அப்டேட் பண்ண வேணும்" என்றார்கள், கேமின் மொத்த சோர்ஸ் கோடையும் (நான் எழுதிய மூல நிரல்) கொடுத்தேன். இரண்டு நாளில் கேம் என் பிளே கன்சோலில் (ஆப்பை நிர்வகிக்கும் டெவலப்பர் பக்கம்) இருந்து போய்விட்டது.

அது எவ்வளவு முழுதாகப் போகும் என்று எனக்கு அப்போது தெரியாது. டவுன்லோட் செய்தவர்கள், ரேட்டிங், ரிவ்யூ எல்லாம் கேமோடு சேர்ந்தே போகும். அப்டேட் உண்மையான இடத்திலிருந்துதான் வருகிறது என்று போனுக்குக் காட்டுவது கையொப்பச் சாவி. இப்போது புதிய ஆப்களுக்கு அதை கூகுள்தான் வைத்திருக்கிறது. கணக்கு மாறினால் அதைப் பயன்படுத்தும் அதிகாரமும் மாறிவிடும். ஆக சோர்ஸ் கோட் என் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த ஐம்பதாயிரம் போன்களில் ஒன்றுக்குக்கூட என்னால் ஒரு அப்டேட் அனுப்ப முடியாது. திரும்ப வேண்டுமென்றால் எதிர்க்கணக்குக்காரர்தான் மாற்றித் தர வேண்டும். கூகுள் ஆதரவுக்கு எழுதினேன். இது இரு தரப்புக்கும் இடையிலான விவகாரம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

சரி, பணத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் "நிகர வருவாயில் 50 சதவீதம்" என்று இருந்தது. நான் 50-ஐப் பார்த்தேன், "நிகர" என்பதைப் பார்க்கவில்லை. ஏப்ரல் கணக்கு எக்செல் ஷீட்டாக வந்தது. வருவாய் 640 டாலர். கழிவு: விளம்பரம் 610, விளம்பர வீடியோ தயாரிப்பு 90, கருவிகள் 60. ஆக மொத்தம் 120 டாலர் பற்று, அது என் பெயரில் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. மே மாதம் வருவாய் 910, செலவு 1,030. ஜூன் 1,050, செலவு 1,130. வருவாய் ஏற ஏற செலவும் அதை ஒட்டியே, எப்போதும் ஒரு படி மேலேயே ஏறியது. விளம்பரக் கணக்கின் திரையைக் காட்டுங்கள் என்றேன். கம்பெனி ரகசியம் என்றார்கள். ஆட்மாபில் பார்வையிடும் அனுமதியாவது கொடுங்கள் என்றேன். அதன் பிறகு "ப்ரோ" போய் "சார்" வந்தது. அப்புறம் போனை எடுப்பதே நின்றது.

பொய்யைக் காட்டிக்கொடுத்தது எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு எண். மூன்று மாத விளம்பரத்தில் 60 ஆயிரம் புதிய டவுன்லோட் வாங்கியதாக ஷீட்டில் இருந்தது. நான் கைமாற்றும்போது கன்சோலில் 58 ஆயிரம் இருந்தது. இரண்டையும் கூட்டினால் 1,18,000. பிளே ஸ்டோர் பக்கம் டவுன்லோடைப் படிப்படியாகத்தான் காட்டும், 50 ஆயிரத்துக்கு அடுத்த படி 1 லட்சம். ஜூலை முடியும்வரை தினமும் பார்த்தேன். "50 ஆயிரம்+" என்றே நின்றது. அந்தச் செலவு நடக்கவே இல்லை, அல்லது சொன்ன அளவுக்கு நடக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு ஷீட் வந்தால் முதலில் ஸ்டோர் பக்கத்தைத் திறந்து இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். மாதாமாதம் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்தவைதான் இப்போது வக்கீலிடம் இருக்கின்றன.

கேமையும் கெடுத்துவிட்டார்கள். கொட்டையை அள்ளிப் போட்டு முடிக்கும் ஒவ்வொரு முறையும் முழுத்திரை விளம்பரம். எனக்கு எழுதிய அதே பாட்டிமார்களின் பேரன்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். பதில் எழுதக்கூட எனக்கு வழி இல்லை. ரேட்டிங் 3.1-க்கு வந்தது. பணம் போனதைவிட இது எனக்கு வலித்தது.

ஆகஸ்டில் தங்கை வேறொரு கேமின் இணைப்பை அனுப்பினாள். இந்தியாவுக்கு வெளியே உள்ளவர்களைக் குறிவைத்த கேம், புதையல் தீவு, மின்னும் கற்கள், ஆங்கிலப் பெயர். பக்கத்துக்கு ஆறு குழி என்று மாற்றியிருந்தார்கள். டவுன்லோட் செய்து மேசையில் வைத்து ஆடிப் பார்த்தேன். கல் விழும் சத்தம் எங்கள் வீட்டுப் பலகையின் சத்தம் போலவே இருந்தது, ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாலாவது ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு கல் சேர்ந்தது. போனில் இருந்து "பசு!" என்றது.

அடுப்படியில் இருந்த அம்மா வெளியே எட்டிப் பார்த்தார்கள். "ஏலே, இது என் குரல்லா?"

படத்தை மாற்றி, பெயரை மாற்றி, எழுத்தை மாற்றியவர்கள் ஒரு சத்த ஃபைலை மட்டும் கேட்டுப் பார்க்கவில்லை. ரீஸ்கின் என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள், உள்ளே அதே கோட், மேலே புதுச் சாயம். நான் கொடுத்த சோர்ஸ் கோடை வைத்து எனக்குச் சொல்லாமலே இன்னொரு வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

போனில் இருந்த மூலப் பதிவு, அதன் தேதி, யூனிட்டி ஃபைல்கள், இரண்டு கேமையும் பக்கத்தில் வைத்து எடுத்த வீடியோ, எல்லாவற்றையும் சேர்த்து கூகுளின் காப்புரிமை (காப்பிரைட்) புகார்ப் படிவத்தில் கொடுத்தேன். எதிர்த்தரப்பு மறுப்புக் கொடுத்தால் நாம் நீதிமன்றம் போனதைக் காட்ட வேண்டியிருக்கும். அவர்கள் கொடுக்கவில்லை. பதினோராம் நாள் அந்தப் புதையல் தீவு ஸ்டோரில் இருந்து எடுக்கப்பட்டது. மூல பல்லாங்குழி இன்னும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது.

வக்கீலிடம் போன பிறகுதான் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களுக்காகச் சொல்கிறேன். தகராறு வந்தால் டெல்லியில் நடுவர் முன்புதான் பேச வேண்டும் என்று ஒரு வரி. கணக்கைத் தணிக்கை செய்ய எனக்கு உரிமை இருப்பதாக ஒரு வரியும் இல்லை. "முழு உரிமையும் வழங்குகிறேன்" என்று இருந்தது, ஆனால் எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளுக்கு என்று எழுதவில்லை. இதில்தான் வக்கீலுக்கு ஒரு பிடி கிடைத்தது. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ள வேண்டும். அவர்கள் ரீஸ்கின் போட்டது வெளிநாட்டுக்கு. நோட்டீஸ் போயிருக்கிறது. இதுவரை வந்த ஒரே பதில், நான் அவர்களுக்கு 320 டாலர் தர வேண்டும் என்பதுதான். அந்த மூன்று மாதப் பற்று.

நல்ல பப்ளிஷர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. விளம்பரம் செய்ய ஆளும் பணமும் நமக்குத் தேவைதான். ஆனால் அதற்குக் கேம் அவர்கள் கணக்கில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிளே கன்சோலில் ஒருவரைப் பயனராகச் சேர்த்து, ஒரு குறிப்பிட்ட ஆப்புக்கு மட்டும், வெளியிடும் அனுமதி மட்டும் கொடுக்கலாம். ஆட்மாப் உங்கள் பெயரில் இருக்கட்டும், பணம் உங்கள் வங்கிக்கு வரட்டும், அவர்கள் பங்கை நீங்கள் பில் பார்த்து அனுப்புங்கள். விளம்பரச் செலவைக் கழிப்பேன் என்றால், விளம்பரக் கணக்கில் பார்வையிடும் அனுமதி கொடுத்தால்தான் கழிக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். மாதம் இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக்கூடாது என்று உச்சவரம்பும் போடுங்கள். சோர்ஸ் கோட் கேட்டால், அவர்கள் கருவிகளைச் சேர்த்து பில்ட் (போனில் ஓடும் தயார் ஃபைல்) எடுத்து நீங்களே கொடுங்கள். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாதவரிடம் வேறு என்ன பேசினாலும் வீண்.

பெயரையும் பதிவு செய்யுங்கள். தனிநபருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், டவுன்லோட் செய்யும் ஆப்புக்கு 9-ஆம் வகுப்பு. அவ்வளவு புகழ்பெற்ற ஃபிளாப்பி பேர்டின் பெயரையே வேறு ஒரு குழு எடுத்துக்கொண்டு, 2024 செப்டம்பரில் புதுக் கேம் வருகிறது என்று அறிவித்தது. நான் எதையும் விற்கவில்லை என்று டாங் நுயென் சொல்ல வேண்டிவந்தது.

இன்னொன்று, சுருக்கமாக. "உங்க டெவலப்பர் கணக்கை மாத வாடகைக்குக் கொடுங்க" என்று டெலிகிராமில் வருகிறதே, அதைத் தொடவே வேண்டாம். அவர்கள் போடும் ஆப் விதிமீறினால் போவது உங்கள் கணக்கு. அதோடு தொடர்புள்ள மற்ற கணக்குகளையும் கூகுள் மூடும். பிறகு உங்கள் பெயரில் புதுக் கணக்கு ஆரம்பிப்பதே பெரும்பாடு.

நான் மறுபடியும் என் கணக்கில், வேறு பேக்கேஜ் பெயரில் (ஸ்டோர் ஒரு ஆப்பை அடையாளம் காணும் பெயர்) பல்லாங்குழியைப் போட்டிருக்கிறேன். டவுன்லோட் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பம். சத்தத்தை மட்டும் மாற்றவில்லை.

ஒப்பந்தத்தின் நகலைப் பெயர்களை மறைத்து வைத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று கேட்பவர்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். உங்கள் கையில் இருப்பதிலும் "பற்று அடுத்த மாதத்துக்குக் கொண்டுசெல்லப்படும்" என்ற வரியும், கேமை அவர்கள் கணக்குக்கு மாற்றிக் கொடுக்க ஏழு நாள் கெடுவும் சேர்ந்து இருந்தால், கையெழுத்தை நிறுத்திவிட்டு முதலில் எனக்கு எழுதுங்கள்.