ரோமா இளைஞர்களுக்கு நாடகப் பயிற்சி: ஒரு வாரப் பட்டறையா, குழுவோடு ஓராண்டா?

ஐரோப்பாவில் ‘ஜிப்சிகள்’ என்று வெளியார் அழைக்கும் ரோமா இனத்து இளைஞர்களுக்கு நடிப்புச் சொல்லித்தரும் ஏற்பாடுகள் பெரும்பாலும் இரண்டு வகை. மானியம் வந்ததும் முளைக்கும் ஐந்து நாள், ஏழு நாள் பட்டறை ஒன்று. ஏற்கெனவே மேடையேறிக்கொண்டிருக்கும் நாடகக் குழுவுக்குள் நடக்கும் பயிற்சி மற்றொன்று. எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு. பட்டறை வீண் என்று சொல்லவில்லை. அது முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போய் நடிப்பது என்று கேட்டால், பட்டறைக்காரர்களிடம் பதில் இருப்பதில்லை.

மாஸ்கோவின் ரோமென் என்ற ரோமா நாடக அரங்கைப் பாருங்கள். 1931இல் பயிற்சிக்கூடமாகத் தொடங்கி, அதே ஆண்டிலேயே மேடையேறியது, இன்றும் நடக்கிறது. பயிற்சியும் பிழைப்பும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தது அதன் பெரிய பலம். தொடக்கத்தில் ரோமாக்களின் மொழியான ரோமானியில் போட்ட நாடகங்கள் பின்னாளில் ரஷ்ய மொழிக்கு மாறிப்போனது அதன் இழப்பு. வட மாசிடோனியாவின் ஸ்கோப்யேவில் இயக்குநர் ரஹீம் புர்ஹான் தொடங்கிய பிராலிபே என்ற ரோமா நாடகக் குழு மொழியை விடவில்லை. 1990களில் ஜெர்மனியின் மூல்ஹைம் நகரத்துக்கு இடம்பெயர்ந்த பிறகும் ரோமானியிலேயே நாடகம் போட்டது.

மொழிப் பயிற்சியில்தான் பல பட்டறைகள் கோட்டை விடுகின்றன. ரோமானியில் ‘கேர்’ என்பதை மூச்சைத் தள்ளிச் சொன்னால் வீடு. தள்ளாமல் சொன்னால் ‘செய்’. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் ரோமானி பேசுகிறவர் காதில் இரண்டும் வேறு வேறு சொற்கள். பள்ளியில் வேறு மொழி பேசி வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு மேடைப் பதற்றத்தில் மங்கிவிடும். மருந்து எளியது: உதட்டுக்கு நான்கு விரற்கடை முன்னால் ஒரு மெல்லிய காகித நறுக்கைப் பிடித்து இரண்டையும் மாறி மாறிச் சொல்லச் சொல்வது. ‘வீடு’ வரும்போது நறுக்கு துள்ள வேண்டும், ‘செய்’ வரும்போது அசையக் கூடாது. தினம் பத்து நிமிடம் போதும்.

ஒரே ரோமானி என்று ஒன்று இருப்பதாக நினைத்துப் பிரதியை அச்சடிப்பது அடுத்த தவறு. வட்டார வழக்குகள் நிறைய. ஹங்கேரி ரோமாக்களில் பலருக்கு வீட்டு மொழியே ஹங்கேரியன். ஆகவே வசனத்தை அந்தந்தப் பிள்ளையின் வீட்டுப் பெரியவர்கள் வாய்வழக்குக்கு மாற்றிக்கொள்ள விடலாம்; நாடகத்தில் வரும் ஒரே குடும்பத்துக்குள் மட்டும் வழக்கு கலக்கக் கூடாது. மேடைக்கு மேலே திரையில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை இயக்குபவருக்கும் ரோமானி தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நடிகர் ஒரு வரியைத் தாண்டியதும் திரையும் மேடையும் ஆளுக்கொரு திசையில் போகும்.

எழுதுவது யார் என்பது அடுத்த உரைகல். புக்கரெஸ்டில் 2014இல் தொடங்கிய ஜியுவ்லிபென் குழுவில் ரோமா நடிகைகளே பிரதி எழுதுகிறார்கள். புடாபெஸ்டின் சுதந்திர நாடகக் குழு 2017இல் ரோமா நாயகர்கள் என்ற விழாவைத் தொடங்கி, ரோமா எழுத்தாளர்களின் நாடகங்களை முன்னிறுத்துகிறது. பாவாடை சுழற்றவும் வயலின் வாசிக்கவும் மட்டுமே பிள்ளைகளைக் கூப்பிடும் இடங்கள் பயிற்சி தருவதில்லை, வேடம் மாட்டி அனுப்புகின்றன.

பட்டறைகளின் செல்லப்பிள்ளை, பார்வையாளரும் மேடையேறிக் காட்சியை மாற்றிப் பார்க்கும் ஃபோரம் தியேட்டர். வேலை கேட்டுப் போகிறவர் பெயரைச் சொன்னதும் மறுக்கப்படுவது போன்ற பத்து நிமிடக் காட்சி, முடிவு தோல்வி. இரண்டாம் முறை நடிக்கும்போது பார்வையாளர் ‘நிறுத்து’ என்று சொல்லி, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழி முயல்வார். ரோமா அல்லாதவர் எழுந்து வந்து ‘பொறுமையாகப் பேசிப் பார்க்கலாமே’ என்று நடித்துக் காட்டும்போது இந்த முறை கெட்டுப்போகிறது. காட்சி அறிவுரைக் கூட்டமாகிவிடும். நடத்துபவர் அதைத் தடுக்க வேண்டாம். மறுக்கும் அதிகாரியாக நடிப்பவரை இன்னும் இறுக்கமாக நிற்கச் சொன்னால் போதும், பொறுமை எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று வந்தவருக்கே தெரிந்துவிடும்.

சொந்த வலியை மேடையில் சொல்ல வைப்பதில் எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கைதட்டல் பலமாக வரும், அடுத்த நாள் ஊரில் அந்தப் பெண்ணை எல்லோரும் அந்தக் கதையாகவே பார்ப்பார்கள். ஒருவர் கதையை இன்னொருவர், ஊரும் பெயரும் மாற்றி, படர்க்கையில் சொல்லிப் பழகுவது பாதுகாப்பானது.

குழுவுக்குப் பன்னிரண்டு பேர், இரண்டு பயிற்றுநர்கள், அவர்களில் ஒருவராவது ரோமா. அதற்கு மேல் போனால் கடைசி வரிசை வேடிக்கைதான் பார்க்கும். பயணச் செலவை முன்கூட்டியே கையில் தர வேண்டும்; ரசீது காட்டினால் பிறகு தருவோம் என்கிற இடத்தில், இரண்டாம் நாளே பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒத்திகைக்கும் ஊதியம் உண்டா என்று கேளுங்கள், ஏனெனில் வருகிறவர்களில் சிலர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தோடு நிற்காமல், தாயையும் பாட்டியையும் முதல் வாரமே ஒத்திகைக்கு அழைத்து உட்காரவைத்தால், பெண் பிள்ளைகள் இடையில் நிற்பது குறையும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: போன ஆண்டு பயின்றவர்களில் யார் இப்போது சம்பளத்துக்கு நடிக்கிறார், எந்த மேடையில்? பதிலுக்குப் புகைப்பட ஆல்பத்தை எடுத்து நீட்டினால் அடுத்த இடம் பாருங்கள்.